செம்பியன் மாதேவி: ஆறு சோழ மன்னர்களைப் பார்த்த மழவர் வீட்டுப் பெண்

கேள்வி இதுதான்: கணவர் கண்டராதித்தர் இறந்த துக்கத்தில் அரசியலை விட்டு விலகி, கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்த, பெற்ற மகனே அரசாளக் கூடாது என்று தடுத்த ஒரு சிவபக்தை, செம்பியன் மாதேவி அவ்வளவுதானா? 'பொன்னியின் செல்வன்' நாவலும் சினிமாவும் நம் மனதில் பதிய வைத்த உருவம் அது. என் பதில், இல்லை. பக்தை என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவர் விலகி இருந்தார் என்பதையும் மகனைத் தடுத்தார் என்பதையும் கோயில் சுவர்களில் அவரே வெட்டி வைத்த வரிகளோடு பொருத்திப் பார்த்தால் ஒட்டவே ஒட்டாது. 941இல் ஒரு விளக்குக் கொடையில் தொடங்கி 1001இல் திருவக்கரைக் கற்றளி (கல்லால் கட்டிய கோயில்) வரை, அறுபது ஆண்டுகள் அவர் பெயர் கல்வெட்டுகளில் வந்துகொண்டே இருக்கிறது. முதலாம் பராந்தகன், கண்டராதித்தன், அரிஞ்சயன், சுந்தர சோழன், உத்தம சோழன், முதலாம் இராஜராஜன் என்று ஆறு பேரின் ஆட்சியைப் பார்த்தவர். அத்தனை காலம் அரண்மனையில் நிலைத்து நின்ற ஒருவரை ஒதுங்கியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பிறந்த வீடு. அவர் சோழ இளவரசி இல்லை, மழவர் தலைவரின் மகள். மழநாடு என்பது காவிரி, கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர், பெரம்பலூர், திருமழபாடிப் பக்கம். கல்வெட்டு அவரை 'மழபெருமாள் மகளார்' என்கிறது. புகுந்த வீட்டில் அரசியான பிறகும் பிறந்த வீட்டின் பெயரை விடாமல் எழுதினார்கள், அதை அந்தக் காலத்துக் கணக்கில் பார்க்க வேண்டும். விஜயாலயன் தஞ்சையைப் பிடித்து நூறாண்டுகூட முடியாத சமயம். சோழர்கள் இன்னும் தனியாக நிற்கக்கூடிய பேரரசு ஆகவில்லை. கொடும்பாளூர் இருக்குவேளிர், பழுவூர் பழுவேட்டரையர், மழவர் போன்ற குறுநிலத் தலைவர்களின் படையும் நிலமும் சேர்ந்தால்தான் சோழப் படை. அந்த வீடுகளைக் கட்டி வைத்திருந்த கயிறு திருமணம். பராந்தகன் பழுவேட்டரையர் வீட்டில் பெண் எடுத்தான், அந்த அரசியின் மகன்தான் அரிஞ்சயன். அந்த அரிஞ்சயன் கொடும்பாளூர் வேளிர் மகளான பூதி ஆதித்த பிடாரியை மணந்தான். அவன் அண்ணன் கண்டராதித்தனுக்கு மழவர் வீட்டுப் பெண் வந்தார்.

இந்தப் பூதி ஆதித்த பிடாரியை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது வருத்தம். திருச்சிக்குப் பக்கத்தில் திருச்செந்துறைக் கோயிலைக் கல்லில் எடுப்பித்தவர் அவர். உறவு முறையில் செம்பியன் மாதேவிக்கு ஓரகத்தி. ஆக, ஒரு தலைவர் வீட்டுப் பெண் சோழர் வீட்டுக்கு வந்து தன் பெயரில் கற்றளி எடுப்பது செம்பியன் மாதேவி தொடங்கி வைத்த வழக்கம் இல்லை. குடும்பத்திலேயே முன்மாதிரி இருந்தது. அதை அவர் எவ்வளவு பெரிய அளவுக்குக் கொண்டுபோனார் என்பதுதான் அவர் சாதனை.

941ஆம் ஆண்டுக் கல்வெட்டு திருச்சி உய்யக்கொண்டான் திருமலையில் இருக்கிறது, தேவாரத்தில் வரும் திருக்கற்குடி. பராந்தகனின் 34ஆம் ஆட்சியாண்டு. அப்போது அவர் அரசி இல்லை, இளவரசர் ஒருவரின் மனைவி. ஒரு நந்தாவிளக்குக்குக் கொடை கொடுக்கிறார். விளக்குதானே என்று கடந்து போய்விடக் கூடாது. நந்தாவிளக்கு என்றால் இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டும், அதற்கு நெய் வேண்டும். பொதுவாக ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் கொடுப்பார்கள். இடையர் ஒருவர் அந்த மந்தையை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடும் செத்த ஆடும் அவர் கணக்கு, குட்டிகளால் மந்தையை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதனால்தான் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். கோயில், இடையர், ஊர்ச்சபை மூன்றையும் பிணைக்கிற ஒரு நிரந்தர ஒப்பந்தம் அது. இந்த வேலையை அவர் இருபது வயதை ஒட்டியே கற்றுக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

எட்டே ஆண்டுகளில் எல்லாம் மாறியது. 949இல் தக்கோலத்தில் இராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில் பட்டத்து இளவரசன் இராஜாதித்தன் யானை மேலேயே மாண்டான். தொண்டை மண்டலம் கையை விட்டுப் போனது. யாரும் எதிர்பாராமல் இரண்டாவது மகன் கண்டராதித்தன் அரசனானான், அவனோடு இவரும் அரசியானார். கண்டராதித்தனைப் போர்க்கள மன்னனாக யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. தில்லைக் கூத்தனைப் பாடிய அவனுடைய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது, தந்தை தில்லையில் பொன் வேய்ந்ததை அதில் பெருமையாகச் சொல்கிறான். அவன் ஆட்சி எட்டு ஆண்டு போல நடந்தது. 957ஐ ஒட்டி மறைகிறான். பிற்காலக் கல்வெட்டுகள் அவனை 'மேற்கெழுந்தருளின தேவர்', அதாவது மேற்கே சென்ற தேவர், என்று குறிப்பிடுகின்றன. கையில் சின்னக் குழந்தை, மதுராந்தகன், பின்னாளில் உத்தம சோழன்.

இந்த இடத்தில் ஒரு ஒப்பீடு அவசியம். கண்டராதித்தனுக்குப் பின் அரிஞ்சயன் கொஞ்ச காலம் ஆண்டான், அவன் மகன் சுந்தர சோழன் 973 வரை இருந்தான். சுந்தர சோழன் இறந்தபோது அவன் அரசி வானவன் மாதேவி உடன்கட்டை ஏறினார். பால்குடி மறவாத குழந்தையை விட்டுவிட்டுத் தீயில் இறங்கினார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு அதைப் புகழ்ந்து பாடுகிறது. அதே குடும்பம், அடுத்த தலைமுறை. செம்பியன் மாதேவி அந்த வழியில் போகவில்லை. கணவனுக்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார், அந்த நாற்பதும் அவர் வாழ்க்கையிலேயே வேலை நிறைந்த ஆண்டுகள். மகன் சின்னவன், அவன் உரிமையைப் பேச ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அம்மாதான். அவர் உயிரோடு இருந்ததே ஒரு அரசியல் முடிவு என்பது என் கருத்து.

சரி, மகனைத் தடுத்தாரா? வரிசையாகப் பார்ப்போம். சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் இளவரசுப் பட்டம் கட்டப்பட்டவன், அவன் கொலை செய்யப்பட்டான். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு, இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில், சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோர் 'துரோகிகள்' என்று அவர்கள் உறவினரின் நிலங்கள்கூடப் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. அதற்கு முன்பே, 970களின் தொடக்கத்தில், உத்தம சோழன் ஆட்சிக்கு வந்துவிட்டான். திருவாலங்காட்டுச் செப்பேடு இதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறது: மக்கள் சுந்தர சோழனின் இளைய மகன் அருண்மொழியை (பின்னாளில் இராஜராஜன்) அரசனாகச் சொன்னார்கள், சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவன் விட்டுக்கொடுத்தான். இராஜராஜனின் மகன் காலத்தில் எழுதப்பட்டது அது, இராஜராஜனின் பெருந்தன்மையைக் காட்டுவதுதான் நோக்கம். அதில்கூட தாய் குறுக்கே நின்றார் என்ற பேச்சு இல்லை.

அதற்கு நேர்மாறாக, கல்வெட்டுகளில் அவர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். 'உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த உடையபிராட்டியார்'. மறுபடி மறுபடி இதே அடைமொழி. கண்டராதித்தர் தேவியார், உத்தம சோழரைப் பெற்றவர். மகன் அரசனாகக் கூடாது என்று நினைத்த ஒரு தாய் அதையே தன் பட்டமாகச் சுவர் சுவராக வெட்டி வைப்பாரா? கண்டராதித்தன் வழியே சோழர் குலத்தின் மூத்த வழி என்பதை ஊருக்கு ஊர் அவர் நினைவுபடுத்திக்கொண்டிருந்தார் என்றுதான் நான் வாசிக்கிறேன். அவருடைய பெரிய கட்டுமானங்கள் மகன் ஆட்சிக்கு வந்தபின் வேகம் பிடிக்கின்றன, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி கோயில்கள். திருநல்லம் என்ற கோனேரிராஜபுரம், ஆடுதுறை என்ற தென்குரங்காடுதுறை, திருக்கோடிக்காவல், குத்தாலம், திருமணஞ்சேரி, ஆனாங்கூர், திருவாரூர் அரநெறி, விருத்தாசலம், திருவக்கரை, அப்புறம் அவர் பெயராலேயே வழங்கும் செம்பியன் மாதேவி ஊரின் கைலாசநாதர் கோயில். இவற்றில் பெரும்பாலானவை புதிய இடங்கள் இல்லை. மூவர் பாடிய தலங்கள். செங்கல்லும் மரமுமாக இருந்த பழைய கோயிலை இறக்கிவிட்டு அதே இடத்தில் கருங்கல்லில் எழுப்பினார். காவிரிச் சமவெளியில் கல் கிடைக்காது என்பதை மறக்கக் கூடாது, வண்டல் மண் பூமி அது. ஒவ்வொரு கல்லும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். வண்டி, எருது, படகு, தச்சர், இத்தனை பேருக்கும் நெல்லும் பொன்னும். இதை ஒரு கோயிலுக்குச் செய்வதே பெரிய பாடு, அவர் முப்பது ஆண்டுகளில் பத்துக் கோயில் அளவுக்குச் செய்தார்.

எனக்கு அவர் மேல் தனி மரியாதை வந்தது திருக்கோடிக்காவலால். பழைய கோயிலை இடிக்கும்போது அதன் சுவரில் இருந்த பழைய கல்வெட்டுகள் என்ன ஆகும்? இன்று பல திருப்பணிகளில் என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். அவர் பல்லவர் காலம் முதலான பழைய கொடைக் கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்து, புதிய சுவரில் மறுபடி வெட்ட வைத்தார். பழங்கற்படி என்று குறித்தும் வைத்தார்கள். இதில் பக்தியோடு சட்ட அறிவும் இருக்கிறது. அந்த வரிகள் போய்விட்டால் எந்த நிலம் யாருக்கு, எந்த விளக்குக்கு யார் நெய் அளக்க வேண்டும் என்பதற்கு ஆதாரமே இல்லாமல் போயிருக்கும். பல்லவர் காலத்துக் கொடையாளிகள் சிலரின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது என்றால் அவர்தான் காரணம்.

விருத்தாசலத்தில், 981ஐ ஒட்டி, விமானம் மட்டும் எடுக்கவில்லை, மண்டபம், கோபுரம், சுற்றாலை, பரிவார தேவதைகளுக்கான சிற்றாலயங்கள் எல்லாம் சேர்த்து ஒரு முழு வளாகமாக எழுப்பினார். கட்டியதோடு விடவும் இல்லை. பூசைக்கு நிலம், திருவமுதுக்கு நெல், பணியாட்களுக்குப் பங்கு, வெள்ளிப் பாத்திரம், நகை. சோழர் காலக் கொடைக் கல்வெட்டு ஒன்றை முழுதாகப் படித்தால் அது ஒரு நிறுவனத்தின் வரவுசெலவுத் திட்டம் போலவே இருக்கும். கட்டிடத்தைவிட இந்த ஏற்பாடு கடினம். நிலம் தர வேண்டும் என்றால் ஊர்ச்சபையோடு பேச வேண்டும், வரியை நீக்க வேண்டும், அரசு அதிகாரிகள் ஒப்ப வேண்டும். அரண்மனையில் செல்வாக்கு இல்லாத ஒரு விதவையால் இதைச் செய்ய முடியாது.

கட்டிடக் கலையிலும் அவர் காலம் தனியாகத் தெரியும். அவருக்கு முந்தைய முற்காலச் சோழக் கோயில்களில் சுவர் மாடங்கள் குறைவு. அவர் எடுப்பித்தவற்றில் கருவறைக்கு முன்னால் உள்ள அர்த்தமண்டபத்தின் சுவர் நீண்டு, அதில் மாடங்கள் பெருகுகின்றன. தெற்கில் பிள்ளையார், அகத்தியர், ஆடவல்லான், தட்சிணாமூர்த்தி, மேற்கில் லிங்கோத்பவர், வடக்கில் பிரம்மா, துர்க்கை, பிட்சாடனர், அர்த்தநாரி. ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு மாறும். இன்று நாம் சிவன் கோயிலைச் சுற்றி வரும்போது 'இங்கே தட்சிணாமூர்த்தி, இங்கே துர்க்கை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறோம் இல்லையா, அந்த ஒழுங்கு கெட்டிப்பட்டதில் இந்தக் கோயில்களுக்குப் பெரிய பங்கு. நடராசர் சுவர் மாடத்தில் நிலையாக இடம் பிடித்ததையும் ஆய்வாளர்கள் பலர் இவரோடு சேர்த்துத்தான் பேசுகிறார்கள். கணவர் தில்லைக் கூத்தனைப் பாடியவர் என்பதை வைத்துப் பார்த்தால் அது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

செப்புத் திருமேனிகளில் செம்பியன் மாதேவி பாணி என்றே ஒன்றைச் சொல்வார்கள். மெலிந்த நீண்ட உடல், சற்றே நீண்ட முகம், ஆடையின் மடிப்பும் நகையும் கூர்மையாக. அந்தப் பாணியின் பெயர் பெற்ற படிமம் வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது, 1929இல் அங்கே வாங்கப்பட்டது. ஒரு மீட்டருக்குச் சற்று மேல் உயரம், மூன்று வளைவாக நிற்கும் பெண், ஒரு கை நீண்டு தொங்குகிறது. அது செம்பியன் மாதேவியே தேவி வடிவில் என்பது ஒரு கருத்து, உமையம்மையின் திருமேனிதான் என்பது இன்னொன்று. நான் முதல் கருத்தின் பக்கம் சாய்கிறேன். வழக்கமான உமையின் படிமங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த உடலின் அமைப்பு வேறாக, ஒரு குறிப்பிட்ட ஆளைப் பார்த்துச் செய்தது போல இருக்கிறது. எப்படியானாலும், அது இருக்க வேண்டிய இடம் ஒரு காவிரிக்கரைக் கோயில் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

புகுந்த வீட்டில் அவருக்கு என்ன இடம் என்பதை நாகப்பட்டினம் பக்கத்து செம்பியன் மாதேவி ஊரில் பார்க்கலாம். அவர் பெயரில் அமைந்த சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர், அது. அங்கே உத்தம சோழனின் மனைவிகள், அதாவது இவருடைய மருமகள்கள், மாமியாரின் பிறந்த நட்சத்திரமான சித்திரைக் கேட்டையில் பிராமணர்களுக்கு உணவிட ஏற்பாடு செய்து கொடை கொடுத்திருக்கிறார்கள். அந்த மருமகள்களும் யார்? இருங்கோளர் மகள், விழுப்பரையர் மகள், பழுவேட்டரையர் மகள், மழபாடித் தென்னவன் மாதேவியார் என்று மறுபடியும் தலைவர் வீட்டுப் பெண்கள். செம்பியன் மாதேவி வந்த அதே வழியில் வந்தவர்கள். ஒரு கோயிலைச் சுற்றி இத்தனை வீட்டுப் பெண்களையும் சேர்ந்து கொடையாளிகளாக்கியது சாதாரண விஷயம் இல்லை. அவர் மறைந்த பிறகு, 1019இல், முதலாம் இராஜேந்திரன் காலத்தில் அதே கோயிலில் அவருக்குப் படிமம் எழுந்தருளியது.

985இல் இராஜராஜன் வந்ததும் உத்தம சோழனின் வழி அரியணையை இழந்தது. வேறு அரச குடும்பமாக இருந்திருந்தால் முன்னாள் அரசனின் தாய் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டிருப்பார். அப்படி நடக்கவில்லை. 1001இல், எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்க வேண்டிய நேரத்தில், திருவக்கரையில் கற்றளி எடுக்கிறார். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் அரசுரிமை கேட்டுக் கலகம் செய்யாமல், இராஜராஜன் ஆட்சியில் கோயில்களின் கணக்குகளை விசாரிக்கும் பெரிய அதிகாரியாக வேலை பார்த்தான். பாட்டி எடுப்பித்த கோயில்களின் நிர்வாகம் எப்படி நடக்க வேண்டும் என்பது அவனுக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும். அருண்மொழிக்கும் குந்தவைக்கும் அவர் பாட்டன் அரிஞ்சயனின் அண்ணி, அவர்களும் அவரைப் பார்த்தே வளர்ந்தவர்கள். குந்தவை தாதாபுரத்தில் எடுப்பித்த கோயில்களும், இராஜராஜனின் அரசி உலகமாதேவி திருவையாற்றில் எடுப்பித்த வடகயிலாயமும் இந்தப் பெண்மணி போட்ட பாதையில்தான் வந்தன.

நேரில் பார்க்க ஒரே ஒரு இடம் சொல்லுங்கள் என்றால் கோனேரிராஜபுரம். கும்பகோணம் – காரைக்கால் சாலையில் எஸ்.புதூர் பக்கம் திரும்ப வேண்டும். எல்லோரும் அங்கே பெரிய நடராசரைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். தெற்குச் சுவருக்குப் போய்க் கொஞ்சம் நிதானமாகத் தேடுங்கள். கண்டராதித்தன் லிங்கத்தை வணங்கும் சிறிய புடைப்புச் சிற்பமும், கீழே அதன் கல்வெட்டும் இருக்கும். மகன் உத்தம சோழர் அரசு செய்யும்போது, தம் கணவர் கண்டராதித்த தேவர் திருநாமத்தால் இந்தக் கற்றளியை எழுப்பி, அவர் திருநல்லமுடையாரின் திருவடியைத் தொழுவதாக இந்த உருவத்தை வைத்தது செம்பியன் மாதேவியார் என்று அதில் எழுதியிருக்கிறது. கோயிலைக் கட்டிய பொறுப்பாளர் ஆலத்தூர் சாத்தன் குணபத்தன் பெயரையும் அங்கே பொறிக்க வைத்தார். படிக்கச் சிரமமாக இருந்தால் காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் போங்கள், எழுத்து அப்போது நன்றாகத் தெரியும்.